வியாழக்கிழமை வெயில்

எங்கள் ஆய்வகத்தின் மூலையில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் கண்ணாடி வழியாக வெளியே எதுவும் தெரியாது. அழுக்கு என்று நினைத்து, சேர்ந்த புதிதில் ஈரத்துணி போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். அழுக்கு இருந்தால்தானே போகும்? அந்த மூலையில்தான் சிலிக்கான் தகடுகளைத் திராவகத்தில் முக்கி எடுப்பார்கள். அதன் ஆவி வருடக்கணக்கில் பட்டுப் பட்டுக் கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. கண்ணாடியையே தின்னும் திராவகம் அது. கண்ணாடிப் புட்டியில் வைக்க முடியாது என்பதால் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் வைத்திருந்தோம். பார்த்தால் ஊறுகாய் டப்பா மாதிரி இருக்கும்.

அந்த ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டப்பாதான் நினைவுக்கு வரும். ஒருநாள் இது யாரையாவது பிடிக்கப் போகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கும் என்றால் என்னைத்தான் என்று நினைத்திருந்தேன். தினமும் அதன் முன்னால் நின்றது நான்தான். அது என்னை விட்டுவிட்டு, அந்த ஆய்வகத்துக்குச் சம்பந்தமே இல்லாத என் வீட்டுக்காரரைப் பிடித்தது.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்த கையோடு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். அவர் கசார்வாடியில் ஒரு வொர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர். பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். லாரி போனால் பாத்திரம் ஆடும். நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும் அவரே பதில் சொல்லிவிடுவார். "உலகத்துப் பொகையை எல்லாம் எறும்புக்கடியா மாத்தறாங்க எங்கூட்டுல" என்பார்.

கேலிதான், ஆனால் தப்பில்லை. கரியமில வாயுவை வெறும் வெளிச்சத்தை வைத்து வேறொரு பொருளாக மாற்றுவதுதான் வேலை. இலை தானாகச் செய்வதை ஒரு சிலிக்கான் தகட்டைச் செய்யவைக்கப் பார்த்தோம். தகட்டின் மேல் செம்பைக் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொட்டுகளாகப் படியவிட்டு, வாயு கரைந்த தண்ணீரில் நிறுத்தி வெளிச்சம் காட்டினால், கொஞ்சம் ஃபார்மிக் அமிலம் கிடைக்கும். எறும்பு கடித்தால் சுருக்கென்கிறதே, அந்த அமிலம். கிடைப்பது துளியிலும் துளி. அந்தத் துளிக்காக நாங்கள் பட்ட பாடு எறும்புக்கே தெரிந்தால் சிரிக்கும்.

எல்லாம் அந்தத் தகட்டின் மேல்பரப்பில்தான் இருக்கிறது. காற்றுப் பட்டாலே சிலிக்கானுக்கு ஒரு மெல்லிய தோல் வளர்ந்துவிடும். தோல் இருந்தால் வெளிச்சம் பட்டும் பயனில்லை. அந்தத் தோலை உரிக்கத்தான் திராவகம். முக்கி எடுத்துத் தண்ணீர் ஊற்றினால், சேப்பங்கிழங்கு இலையில் உருள்வதுபோல் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும். தோல் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நொடியிலிருந்து புதுத் தோல் வளர ஆரம்பிக்கும். ஆகவே எடுத்தோமா, கழுவினோமா, சட்டத்தில் மாட்டினோமா என்று இருக்க வேண்டும். கை மட்டும் படவே கூடாது. பிளாஸ்டிக் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஒருமுறை பட்டால் அந்தத் தகடு அன்றைக்கு அவ்வளவுதான்.

நான் சேர்ந்த முதல் நாளே எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி என்னை அந்த வெள்ளை டப்பாவின் முன்னால் நிறுத்தி, ஒரே ஒரு விஷயம் சொன்னாள். மற்ற அமிலங்கள் பட்டவுடன் எரியும், நாம் அலறியடித்துக் கழுவிவிடுவோம். இது எரியாது. தண்ணீர் கலந்தது என்றால் பட்டதே தெரியாது. சத்தமில்லாமல் தோலுக்குள் இறங்கி, எலும்பில் இருக்கும் கால்சியத்தைத் தேடிப் போகும். பல மணி நேரம் கழித்து வலி வரும்போது அது உள்ளே வேலையைப் பாதி முடித்திருக்கும். நிறையப் பட்டால் இதயமே நின்றுபோகும். அவள் இதைச் சமையல் குறிப்பு மாதிரி சொன்னாள். நான் அன்றிரவு சோறு பிசையும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் வலியை நோவு என்போம். யாராவது விழுந்தால், அடிபட்டால், முதலில் கேட்பது "நோவுதா?" என்றுதான். "நோவுல" என்று பதில் வந்தால் மனசு ஆறிவிடும். பிறந்ததிலிருந்து அப்படியே பழகியிருக்கிறோம். இந்த ஒரு திராவகத்துக்கு மட்டும் அந்தப் பதில் தலைகீழ். இதை நான் அவரிடம் எத்தனையோ முறை சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார். ஆனால் அவர் வளர்ந்தது மோட்டார் பம்ப் பட்டறைகளுக்கு நடுவில். அவருக்கு ஆசிட் என்றால் பேட்டரி ஆசிட். பட்டவுடனே சுர்ரென்னும், சட்டையில் ஓட்டை விழும், கழுவினால் ஆயிற்று. அவர்கள் பட்டறையில் ஆசிட்டா தண்ணியா என்று சந்தேகம் வந்தால் விரல் நுனியால் தொட்டுத்தான் பார்ப்பார்கள். அது அவர்களுக்குத் தெர்மாமீட்டர் மாதிரி.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். அப்போது புனேயில் வியாழக்கிழமை என்றால் மின்சாரம் இருக்காது. எங்கள் விளக்கு, கருவிகள், அந்த மூலையில் ஆவியை வெளியே இழுக்கும் விசிறி எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். மற்றவர்கள் நூலகத்துக்குப் போவார்கள், அல்லது வடாபாவ் சாப்பிடப் போவார்கள். எனக்கு ஒரு நாளை வீணாக்குவது என்றால் எரிச்சலாக வரும். விளக்கு இல்லாவிட்டால் என்ன, மேலே சூரியன் இருக்கிறதே, கடைசியில் நாம் மாற்றப்போவது வெயிலைத்தானே என்று ஆசிரியரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். மொட்டைமாடியில் மேசை போட்டேன். கரியமில வாயு சிலிண்டரைக் கீழ்த்தளத்திலேயே வைத்து, ஜன்னல் வழியாக ரப்பர் குழாயை மேலே இழுத்தேன். திராவக டப்பாவையும் மேலேயே கொண்டுபோனேன், அங்கே காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. மின்சாரத்துக்கு மட்டும் ஒரு பேட்டரி வேண்டியிருந்தது.

அங்கேதான் அவர் உள்ளே வந்தார். கசார்வாடிப் பட்டறைகளுக்கும் வியாழக்கிழமைதான் விடுமுறை. ஸ்கூட்டரின் முன்னால் பேட்டரியை வைத்துக்கொண்டு, வாட்ச்மேனுக்கு ஒரு நமஸ்காரம் போட்டுவிட்டு, மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். எனக்குக் குடை பிடிப்பார். மேகம் வருகிறதா என்று பார்த்துச் சொல்வார். இடையிடையே, "எறும்பு வந்துருச்சா?" என்று கேட்பார். உண்மையைச் சொன்னால், அந்த வியாழக்கிழமைகள் எங்களுக்குப் பிடித்திருந்தன. அந்த ஊரில் நாங்கள் இரண்டு பேரும் பகலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது அங்கேதான்.

அந்த வியாழக்கிழமை மழைக்காலம் முடிகிற சமயம். வெயில் வருவதும் மேகம் மூடுவதுமாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் அந்த வகைச் சிலிக்கானில் கடைசித் துண்டுதான் மிச்சம். அடுத்தது வெளிநாட்டிலிருந்து வர எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. காலையிலிருந்து அதையே சொல்லிச் சொல்லி அவர் உயிரை எடுத்திருந்தேன். கையுறை போட்டுக்கொண்டு தகட்டைத் திராவகத்தில் போட்டேன். நொடிகளை எண்ணத் தொடங்கினேன். அப்போது கீழே சிலிண்டர் பக்கம் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. குழாய் பிடுங்கிக்கொண்டுவிட்டது. கரியமில வாயு சீறிக்கொண்டு அறையில் நிறைந்தால் அங்கே தலைசுற்றி விழப்போவது யாரோ தெரியாது. "அதைத் தொட்டுராதீங்க, கெட்டாக் கெடட்டும்!" என்று கத்திக்கொண்டே கீழே ஓடினேன். இடுக்கி என் கையிலேயே இருந்தது.

வால்வை மூடி, குழாயைச் செருகிக் கம்பி சுற்றிவிட்டு மேலே வந்தேன். தகடு அதன் சட்டத்தில் மாட்டியிருந்தது. திருகுகள் முடுக்கியிருந்தன. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றிருந்தார்.

"எதுலீங்க எடுத்தீங்க?" என்றேன்.

"அந்தப் பெட்டில இன்னொரு இடுக்கி இருந்துதுல்ல, அதுலதான். நீ எண்ணறதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் புள்ள. வெயில் வந்துருச்சு பாரு, ஆரம்பி."

பெட்டியில் இன்னொரு இடுக்கி இருந்தது நிஜம்தான். வெயிலும் வந்திருந்தது. செம்பைப் படியவிட்டு, வாயுவைத் திறந்து நான் ஆரம்பித்தேன்.

ஆனால் அன்றைக்குத் தகடு ஏதோ சரியில்லை. மின்னோட்டம் ஏறவில்லை. ஓரத்தில் குமிழிகள் வந்தன. நடுவில் வரவில்லை. நான் கம்பிகளைச் சோதித்தேன், பேட்டரியைத் திட்டினேன், மேகத்தைத் திட்டினேன். அவர் வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது கிண்டல் செய்வார். அன்று பேசாமல் இருந்தார். வலது கையைக் கைக்குட்டையோடு பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, குடையை இடது கைக்கு மாற்றியிருந்தார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மதியம் சாய்ந்ததும் போதும் என்று தகட்டைக் கழற்றினேன். கழுவி, உலர்த்தி, வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். செம்பு படிந்த இடமெல்லாம் மங்கிய சிவப்பு. நடுவில் மட்டும் செம்பு வரி வரியாக ஒதுங்கியிருந்தது. வளைந்து வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழித்துப் போகும் வரிகள். எனக்கு முதலில் அழகாக இருக்கிறது என்றுதான் பட்டது. பிறகு அது என்ன என்று புரிந்தது. ஒரு கட்டைவிரல் ரேகை. பிசுக்கு இருந்த இடத்தில் செம்பு உட்காரவில்லை.

கையால் எடுத்திருக்கிறார். அந்த வெள்ளை டப்பாவுக்குள் கையை விட்டு எடுத்து, மாட்டும்போது கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார்.

நான் தகட்டைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். 

"கையைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல புள்ள."

"கையக் காட்டுங்கன்னா!"

காட்டினார். ஒன்றுமே இல்லை. சிவப்புகூட இல்லை. கட்டைவிரல் நகத்தோரம் மட்டும் தண்ணீரில் ஊறியதுபோல் கொஞ்சம் வெளுத்திருந்தது. அந்த ஜன்னல் கண்ணாடியின் நிறம்.

"நோவுதுங்களா?"

"நோவுல. அதான் சொல்றேன், அது தண்ணி மாதிரிதான் இருந்துது. சுர்ருன்னுகூட இல்ல. இடுக்கியத் தேடறதுக்குள்ள தகடு கெட்டுரும்னு கைய விட்டேன், அப்பறம் கைக்குட்டைல தொடச்சுட்டேன். சொன்னா நீ கத்துவே, வெயிலும் போயிரும்னுதான் சொல்லல."

 என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகக் கெட்ட செய்தி அந்த "நோவுல"தான். அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பையில் கிடந்த அந்த ஈரக் கைக்குட்டையில் கட்டைவிரலைச் சுற்றியே வைத்திருந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. கோபம்தான் முதலில் வந்தது. என் பிறவிக்குணம் அது. கைக்குட்டையைப் பிடுங்கி எறிந்து, தண்ணீர்த் தொட்டியில் அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவர், "சரி, சரி, அளுவாத" என்றார். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

இதற்கு ஒரே மருந்து கால்சியம். அது எலும்பைத் தேடிப் போகும் முன் நாம் வெளியிலிருந்து கொடுத்துவிட வேண்டும். அதற்கென்று ஒரு களிம்பு உண்டு. முதலுதவிப் பெட்டியில் அயோடினும் பஞ்சும் இருந்தன, களிம்பு இல்லை. கேட்டிருந்தோம், வரவில்லை. தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. புனேயில் மதியத்தில் கடை திறந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது என் புத்தி. ஷட்டரைத் தட்டு தட்டென்று தட்டினேன். உள்ளே இருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல், "சார் வாஜ்தா யா" என்றது. நான்கு மணிக்கு வாருங்கள் என்று அர்த்தம். திரும்பத் தட்டினேன். குரல்கூட வரவில்லை. பக்கத்துப் பான் கடை மட்டும் திறந்திருந்தது. பின்னாலேயே வந்த அவர், "சுண்ணாம்பும் கால்சியந்தானே, அதை வேணா வாங்கித் தடவட்டுமா?" என்றார். படித்ததைக் கொஞ்சமும் மறக்காமல் தப்பான நேரத்தில் சொல்லும் மனிதர். அது தோலைத் தன் பங்குக்கு வேறு எரிக்கும் என்று சொல்லி ஆட்டோவைக் கைகாட்டினேன். ஸ்கூட்டரை அவர் ஓட்ட வேண்டாம் என்றேன். "ஏன், விரலு நல்லாத்தானே இருக்குது" என்றார்.

ஆட்டோக்காரர் எங்கள் இருவரையும் கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு விரட்டச் சொல்கிறார்கள், இரத்தம் இல்லை, கட்டு இல்லை, முனகல் இல்லை. "பேஷன்ட் கோன் ஹை?" என்று, நோயாளி யார் எனக் கேட்டார். "நான்தான்னு நினைக்கிறேன்" என்று இந்தியில் சொன்னார் என் வீட்டுக்காரர். ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் என்னைவிடச் சின்னவர். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரிடம் கேட்டார்.

"துக்தய் கா?"

மராத்தியில் வலிக்கிறதா என்று கேட்பது அப்படித்தான். என் காதுக்கு அது எப்போதும் துக்கமாக இருக்கிறதா என்று கேட்பதாகவே விழும்.

"நாஹி" என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக.

டாக்டர் பேனாவை எடுத்தார். தீப்புண் களிம்பு எழுதித் தருகிறேன், வலித்தால் வாருங்கள் என்றார். நான் விளக்கினேன். திராவகத்தின் பெயரைச் சொன்னேன். கால்சியம் ஊசி இருக்கிறதல்லவா, அதை விரலைச் சுற்றிப் போடுங்கள் என்றேன். வலியே இல்லாத விரலில் ஊசி போட முடியாது என்றார். எனக்கு வந்த கோபத்தில் மேசையிலிருந்த தாளைக் கவிழ்த்து, அந்தத் திராவகம் தோலுக்குள் என்ன செய்யும் என்று படம் வரைந்தேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாராவது பெரிய டாக்டரைக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் நான் இங்கிருந்து நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டு, சீனியரைக் கூப்பிடப் போன் பக்கம் கையை நீட்டினார்.

அப்போது என் பின்னால் ஓர் ஓசை கேட்டது. அவர் நாற்காலியின் கையை இடது கையால் பிடித்திருந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"புள்ள" என்றார். "நோவுது."

அதற்குப் பிறகு யாரையும் நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை. பட்டறையில் இரும்புத்துண்டு காலில் விழுந்தபோதுகூட வாயைத் திறக்காதவர், வராந்தா முழுக்கக் கேட்கும்படி அலறினார். சீனியர் வந்தார், நகத்தை எடுத்தார், ஊசிகள் போட்டார். விரல் போகுமா என்று கேட்டேன். உயிர் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்றார். சில நாட்களில் நுனி கறுத்தது. பல வாரங்கள் கழித்து அது உரிந்து, அடியில் வழவழவென்று வெளிறிய ஒரு தோல் வந்தது. விரல் பிழைத்தது. அதற்கு உணர்ச்சி மட்டும் திரும்பவே இல்லை.

அந்த வியாழக்கிழமையின் அளவீடுகளை ஆசிரியர் ஒரே பார்வையில் ஒதுக்கிவிட்டார். கை பட்ட தகட்டின் கணக்கு கணக்கில்லை. எந்தப் பரப்பைக் காப்பாற்ற அவர் விரலைக் கொடுத்தாரோ, அந்தப் பரப்பை அந்த விரலே கெடுத்துவிட்டது.  தகட்டைத் தூக்கிப்போடச் சொன்னார்கள். நான் அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பிறகு மொட்டைமாடிக்கு நான் போகவே இல்லை. மின்சார விளக்கின் கீழேயே ஆய்வை முடித்தேன்.

வீட்டில் தோசைக்கல் சூட்டை அவர் கட்டைவிரலால் தொட்டுவிட்டு அப்படியே பேசிக்கொண்டிருப்பார். வாசனை வந்துதான் நான் ஓடிப்போய்க் கையைத் தட்டிவிடுவேன். "நோவுல" என்பார். இத்தனை வருடம் கழித்தும் அந்த வார்த்தையைக் கேட்டால் நான் எங்கே இருந்தாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவர் புனேவுக்குப் பக்கத்தில் சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் சேர்ந்தார். சில வருடங்களில் அங்கே வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் இயந்திரம் வந்தது. முதல் நாள் போய்விட்டு வந்தவர் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மெசின் என்னைய ஆளே இல்லங்குது. எத்தன தடவ வெச்சாலும் திரும்ப வை, திரும்ப வைன்னு கத்துது. அந்தப் பையன் என் விரலைத் திருப்பிப் பாத்துட்டு, 'சார், இதுல ஒண்ணுமே இல்ல, தூஸ்ரி உங்லி, வேற விரலை வைங்க'ங்கறான்."

நான் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு பீரோவைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் இருந்த அந்தச் சின்ன டப்பாவை எடுத்துவந்து, டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துக் காட்டினேன். செம்பு கறுத்திருந்தது. ரேகை அப்படியே இருந்தது. ஒரு வரிகூட அழியவில்லை. சங்கா சக்கரமா என்று சின்ன வயதில் விரலைப் பார்ப்போமே, அதுபோல அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சக்கரம்" என்றார்.  பிறகு கட்டைவிரலை அதன் மேல் வைக்கப் போனார்.

"தொடாதீங்க!" என்றேன். அன்றைக்கு மாடிப்படியில் கத்திய அதே குரல்தான் வந்தது.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த வழவழத்த நுனியைத் திருப்பி எனக்குக் காட்டினார்.

"இப்பத் தொட்டாத்தான் என்ன புள்ள? அதுல பதியறதுக்கு எங்கிட்ட என்ன இருக்குது?"

நான் டப்பாவை மூடினேன்.